மீட்டர் 35 வாட் என்கிறது, பஞ்சு ஏன் கருகுகிறது? வீட்டில் கட்டிய வேரியபிள் வாட்டேஜ் மாடைச் சரிபார்ப்பது எப்படி

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு 18650 லித்தியம்-அயன் செல்களைத் தொடராக வைத்து, ஓர் ஆர்டுவினோ நானோ (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டு), ஒரு மாஸ்ஃபெட் (மின்னால் இயங்கும் சுவிட்ச்), சின்னத் திரை, ஏற்ற இறக்க இரண்டு பட்டன் என்று ஒரு வேரியபிள் வாட்டேஜ் மாட், அதாவது வாட்டை மாற்றிவைக்கக்கூடிய இ-சிகரெட் பேட்டரிப் பெட்டி, கட்டியிருக்கிறீர்கள். திரவத்தை ஆவியாக்கும் காயில் 0.5 ஓம். திரையில் 40 வாட் வைத்தால் கணக்குப்படி காயிலுக்கு 4.47 வோல்ட் போக வேண்டும், மல்டிமீட்டர் 4.2 காட்டுகிறது, அதாவது 35 வாட்தான். ஆனாலும் இரண்டாவது இழுப்பிலேயே காயிலுக்குத் திரவம் ஊட்டும் பஞ்சு கருகிவிடுகிறது. அதே காயில் கடையில் வாங்கிய மாடில் 40-இல் பிரச்சினை இல்லாமல் ஓடுகிறது. எங்கே தப்பு, எப்படிச் சோதிப்பது என்பது கேள்வி.

உங்கள் காயிலுக்கு 35 வாட் போகவில்லை, ஏறக்குறைய 66 வாட் போகிறது. மீட்டரும் நல்ல மீட்டர்தான், காயிலும் நல்ல காயில்தான். மாஸ்ஃபெட் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை, முழு பேட்டரியையும் காயிலில் போட்டுப் போட்டு எடுக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் கோடில் 4.47-ஐ, நிறைந்த இரண்டு செல்களின் 8.4-ஆல் வகுத்து 53 சதவீத டூட்டி வைத்திருக்கிறீர்கள். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் 53 சதவீத நேரம் காயிலில் முழு மின்னழுத்தமும் நிற்கிறது, மீதி நேரம் பூஜ்யம். டிசி ரேஞ்சில் வைத்த மீட்டர் இதைச் சராசரியாக்கி 4.2 என்கிறது. 4.2-ஐ 0.53-ஆல் வகுத்துப் பாருங்கள், 7.9 வோல்ட் வரும். ஆன் ஆகியிருக்கும்போது காயிலில் உண்மையில் இருப்பது அதுதான் (8.4-க்கும் 7.9-க்கும் உள்ள வித்தியாசம், லோடு இழுக்கும்போது செல்களும் வயரும் தின்றது). 7.9-இன் வர்க்கத்தை 0.5-ஆல் வகுத்தால் 125 வாட். அதில் 53 சதவீதம் 66 வாட். பஞ்சு கருகாமல் என்ன செய்யும்?

வாட் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், சராசரி மின்னழுத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் எப்போதும் குறைவாகவே தெரியும். இங்கே தேவைப்படுவது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்குச் சராசரி எடுத்து, அதற்கு வர்க்கமூலம். வேப் உலகத்துக்கு இது புதிய சண்டையும் அல்ல. ஆரம்ப கால ரெகுலேட்டட் (சர்க்யூட் வாட்டைக் கட்டுப்படுத்தும்) மாடுகள் பல இதே மாதிரி பல்ஸ் அடித்தவைதான், வாமோ என்ற குழாய் வடிவ மாடில் ஆர்எம்எஸ், சராசரி என்று இரண்டு முறைகளையும் மெனுவிலேயே வைத்திருந்தார்கள், எதை வைத்தால் எது உண்மை என்று ஆட்கள் ஓயாமல் அடித்துக்கொண்டார்கள். உங்களிடம் சராசரி முறை தெரியாமலே வந்து உட்கார்ந்திருக்கிறது.

கோடில் மாற்ற வேண்டியது ஒரு வரி. வாட்டை ஓமால் பெருக்கி, அதைப் பேட்டரி மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் வகுத்தால் டூட்டி நேராக வந்துவிடும், வர்க்கமூலமே தேவையில்லை. 40 பெருக்கல் 0.5 என்றால் 20, அதை 7.9-இன் வர்க்கமான 62.4-ஆல் வகுத்தால் 0.32. அதாவது 53 சதவீதம் வைத்த இடத்தில் 32 போதும். பேட்டரி மின்னழுத்தத்தை எப்போது அளக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பட்டனை அழுத்துவதற்கு முன்னால் அளந்தால் 8.4 வரும், டூட்டி 28 சதவீதமாகி, நீங்கள் கேட்ட 40-க்கு 35-தான் கிடைக்கும். மாஸ்ஃபெட் ஆன் ஆகியிருக்கும் நேரத்துக்குள், லோடு இழுத்துக்கொண்டிருக்கும்போதே, ஏடிசியை (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றித் தரும் நானோவின் பகுதி) படிக்க வேண்டும். ஒவ்வொரு சில மில்லிசெகண்டுக்கும் படித்து டூட்டியைத் திருத்திக்கொண்டே போனால் செல் பாதி காலியான பிறகும் வாட் மாறாமல் நிற்கும். பெயரில் இருக்கும் வேரியபிள் வாட்டேஜ் அப்போதுதான் உண்மையாகிறது, அதற்கு முன்பு வரை அது வெறும் டூட்டி குமிழ்.

அதிர்வெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நானோவில் பெரும்பாலான பின்கள் 490 ஹெர்ட்ஸில் பல்ஸ் தரும், 5, 6 பின்கள் ஏறத்தாழ 980 ஹெர்ட்ஸ். இரண்டுமே போதும். பழைய மாடுகள் 33 ஹெர்ட்ஸில் அடித்ததால் காயில் கிலுகிலுவென்று துடிப்பது காதுக்கே கேட்கும், அந்தத் தொல்லை உங்களுக்கு வராது. கூட்டினால் நல்லது என்று 30 கிலோஹெர்ட்ஸுக்குப் போய்விடாதீர்கள். நானோவின் பின் தரும் சில பத்து மில்லிஆம்பியரில் பெரிய மாஸ்ஃபெட்டின் கேட் (அதைத் திறந்து மூடும் முனை) மெதுவாகத்தான் நிரம்பும், பாதி திறந்த நிலையில் அதிக நேரம் கழிந்து மாஸ்ஃபெட் சூடாகும். அவ்வளவு வேகம் வேண்டுமானால் தனியாக கேட் டிரைவர் ஐசி போட வேண்டும்.

இனி காயிலின் ஓம். திரையில் தெரியும் வாட் எவ்வளவு நம்பத் தகுந்தது என்பது கடைசியில் இங்கேதான் போய் நிற்கும், கட்டுபவர்கள் பலர் சறுக்குவதும் இங்கேதான். வயர், சால்டர், காயில் இருக்கும் அடாமைசரைத் திருகும் 510 கனெக்டரின் நடு முள் எல்லாம் சேர்ந்து 25 மில்லிஓம் வந்துவிட்டால், 0.5 ஓம் காயிலில் அதுவே 5 சதவீதப் பிழை. அதனால் நான்கு வயர் முறையில் அளக்க வேண்டும்: மின்னோட்டம் போகும் தடித்த வயர்கள் தனி, மின்னழுத்தம் படிக்கும் மெல்லிய இரண்டு வயர்கள் 510 கனெக்டரின் உடலிலும் நடு முள்ளிலும் நேராகச் சால்டர் ஆகியிருக்க வேண்டும். அந்த மெல்லிய வயரில் மின்னோட்டம் ஏறக்குறைய இல்லாததால் அதன் ஓம் கணக்கில் வராது.

அப்புறம் ஏடிசியின் நுண்மை. 100 மில்லிஆம்பியரை 0.5 ஓம் காயில் வழியாக விட்டால் வருவது 50 மில்லிவோல்ட். நானோவின் 10 பிட் ஏடிசி 5 வோல்ட் ரெஃபரன்ஸில் ஒரு படிக்கு 4.9 மில்லிவோல்ட், அதாவது மொத்தமே பத்துப் படி, ஒரு படி தவறினால் 10 சதவீதம் போச்சு. ஒன்று, ஓர் ஆப்-ஆம்ப் வைத்து 20 மடங்கு பெருக்கி ஏடிசிக்குக் கொடுங்கள், 200 படிக்கு மேல் கிடைக்கும். இல்லையென்றால் ஏடிஎஸ்1115 மாதிரி 16 பிட் மாட்யூல் போடுங்கள், அதன் மிகச் சின்ன ரேஞ்சில் ஒரு படி 7.8 மைக்ரோவோல்ட்தான், தாராளம். கான்தால் (இரும்பு, குரோமியம், அலுமினியக் கலவை) கம்பி சூடானாலும் ஓம் பெரிதாக மாறாது என்பதால் பட்டனை அழுத்தியவுடன் சில மில்லிசெகண்ட் அளந்துவிட்டு ஃபயர் செய்தால், அதாவது காயிலுக்கு முழு மின்சாரத்தை விட்டால், போதும். நிக்கல் கம்பி அப்படியல்ல, 200 டிகிரி ஏறினால் அதன் ஓம் இரு மடங்கைத் தாண்டும்.

எந்தப் பாதையில் போவது என்றும் யோசித்துக்கொள்ளுங்கள். பல்ஸ் முறையில் சராசரி வாட் என்னவாக இருந்தாலும், ஆன் ஆகும் ஒவ்வொரு நொடித்துளியிலும் செல் தருவது பேட்டரி மின்னழுத்தத்தைக் காயில் ஓமால் வகுத்த மின்னோட்டம். 8.4 வகுத்தல் 0.5 என்றால் 16.8 ஆம்பியர். திரையில் 10 வாட் வைத்தாலும் அதே 16.8-தான், குறைந்த நேரத்துக்கு வரும், அவ்வளவே. 20 ஆம்பியர் தாங்கும் செல் என்றால் 0.42 ஓமுக்குக் கீழே காயிலே மாட்டக் கூடாது, கோடிலேயே அதைத் தடுத்துவிடுங்கள். பக் கன்வெர்ட்டர், அதாவது மின்னழுத்தத்தை உண்மையிலேயே இறக்கித் தரும் சர்க்யூட், போட்டால் கதை வேறு. அப்போது செல்லின் மின்னோட்டத்தைக் காயிலின் ஓம் தீர்மானிக்காது, வாட்தான் தீர்மானிக்கும்: 40 வாட், 90 சதவீதத் திறன், செல்கள் ஒவ்வொன்றும் 3.2 வோல்ட்டுக்கு இறங்கிய நிலை என்று மோசமான பக்கமாகவே கணக்குப் போட்டாலும் 7 ஆம்பியருக்குள். செல்லுக்கு இது எவ்வளவோ மேல்.

மாட் கட்டுபவர்கள் பக் என்றால் வெகு நாள் பயன்படுத்தியது முராட்டாவின் ஓகேஆர்-டி/10. 10 ஆம்பியர் வரை, 50 வாட் வரை தரும், வெளியே ஒரே ஒரு ரெசிஸ்டர் அதன் மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. 1.182-ஐ, வேண்டிய வோல்ட்டில் 0.591-ஐக் கழித்து வரும் எண்ணால் வகுத்தால் கிலோஓமில் விடை. 220 ஓம் ரெசிஸ்டரோடு 500 ஓம் பொட்டென்ஷியோமீட்டரைத் தொடராக வைத்தால் ஏறத்தாழ 2.2 வோல்ட்டிலிருந்து 6 வரை திருப்பலாம். இது வேரியபிள் வோல்ட்டேஜ்தான், வாட்டேஜ் ஆக வேண்டுமானால் பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதிலாக டிஜிட்டல் பொட்டை வைத்து மைக்ரோகன்ட்ரோலரிடம் கொடுக்க வேண்டும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கற்றுக்கொள்ள பல்ஸ் முறை போதும், தினமும் பயன்படுத்த பக். இரண்டுக்கும் பொறுமை இல்லையென்றால் ஈவால்வின் டிஎன்ஏ மாதிரி தயார் போர்டு ஒன்றை வாங்கிப் பெட்டியில் பொருத்துங்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

மாஸ்ஃபெட் பக்கம் வருவோம். ஐஆர்எஃப்இஸட்44 மாதிரி கைக்குக் கிடைத்ததைப் போடாதீர்கள், அது முழுதாகத் திறக்க கேட்டில் 10 வோல்ட் கேட்கும், நானோ தருவது 5. லாஜிக் லெவல் வகை வேண்டும், பாக்ஸ் மாட் கட்டுபவர்களிடம் ஐஆர்எல்பி3034 பிரபலமானது அதனால்தான். கேட்டுக்கும் சோர்ஸுக்கும் (பேட்டரி நெகட்டிவ் பக்க முனை) நடுவே 10 கிலோஓம் ரெசிஸ்டர் கட்டாயம். நானோ பூட் ஆகும் நேரத்திலும் ரீசெட் ஆகும் நேரத்திலும் அதன் பின் எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கும், கேட்டும் அப்படியே மிதந்தால் மாட் தானாகவே ஃபயர் ஆகலாம்.

இதைவிடப் பொல்லாத ஒன்று கோடு தொங்கிப் போவது. பல்ஸை அடிப்பது நானோவின் ஹார்டுவேர் டைமர், உங்கள் கோடு எங்காவது சிக்கி நின்றாலும் டைமர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும், பட்டனை விட்டாலும் நிற்காது. வாட்ச்டாக்கை, அதாவது கோடு தொங்கினால் நானோவைத் தானே ரீசெட் செய்யும் டைமரை, இயக்கி வையுங்கள். அதோடு ஃபயர் பட்டனை வெறுமனே ஒரு இன்புட் பின்னில் கட்டாமல், கேட்டுக்குப் போகும் வயரே பட்டனைத் தாண்டித்தான் போகும்படி கட்டுங்கள். விரல் எடுத்தால் கேட் கீழே விழ வேண்டும், கோடு என்ன நினைத்தாலும் சரி.

மாஸ்ஃபெட் சாகும்போது பெரும்பாலும் ஷார்ட்டாகித்தான் சாகும், அப்போது பட்டனும் உதவாது, கோடும் உதவாது. அதற்குத்தான் பேட்டரி பாசிட்டிவை ஒட்டி ஒரு 15 ஆம்பியர் ஃபியூஸும், கையால் அணைக்கக்கூடிய மெயின் சுவிட்சும். காயில் வழியாக மெதுவாக எரிகிற அளவு மின்னோட்டத்துக்கு ஃபியூஸ் போகாமலும் இருக்கலாம், ஆகவே சுவிட்சை விட்டுவிடாதீர்கள்.

உலோகப் பெட்டி என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. மாஸ்ஃபெட் நெகட்டிவ் பக்கம் இருந்தால் 510 கனெக்டரின் உடல் பேட்டரி நெகட்டிவ் அல்ல, மாஸ்ஃபெட்டின் காயில் பக்க முனையான டிரெயின். பெட்டி எங்காவது பேட்டரி நெகட்டிவைத் தொட்டு, கனெக்டரும் பெட்டியைத் தொட்டால், மாஸ்ஃபெட்டைச் சுற்றிக்கொண்டு காயில் நேராக எரிய ஆரம்பிக்கும். இரண்டில் ஒன்றை இன்சுலேட் செய்தே ஆக வேண்டும்.

சரி, சோதனை. செல்லைப் போட்டு, காயிலை மாட்டி, வாயில் வைத்து இழுத்துப் பார்ப்பது கடைசிப் படி, முதல் படி அல்ல. முதலில் கரன்ட் லிமிட் உள்ள பெஞ்ச் சப்ளையில் 8 வோல்ட், 0.2 ஆம்பியர் வரம்பு வைத்து, காயில் இல்லாமல் ஓட்டுங்கள். திரை, பட்டன், சும்மா இருக்கும்போது இழுக்கும் மின்னோட்டம் எல்லாம் இங்கேயே தெரிந்துவிடும். நானோ போர்டு அதன் எல்இடியும் ரெகுலேட்டருமாகச் சேர்ந்து சும்மாவே 15, 20 மில்லிஆம்பியர் குடிக்கும், 2500 மில்லிஆம்பியர்-மணி செல்லை ஒரு வாரத்துக்குள் காலி செய்துவிடும், அதனால் ஸ்லீப் மோடை எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, காயிலுக்குப் பதிலாக டம்மி லோடு. அலுமினிய உறை போட்ட 1 ஓம், 50 வாட் ரெசிஸ்டர் இரண்டை இணையாக ஹீட்சிங்கில் திருகினால் 0.5 ஓம். ஆசிலோஸ்கோப் இருந்தால் காயில் முனைகளில் வைத்து டூட்டியையும் ஆன் மின்னழுத்தத்தையும் நேராகப் படியுங்கள். ஸ்கோப்பின் கிரவுண்ட் கிளிப் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சர்க்யூட்டுக்கும் ஸ்கோப்புக்கும் வேறு வழியில் இணைப்பு இருந்தால் கிளிப்பே ஷார்ட் ஆகிவிடும். ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் வைத்திருப்பவர்கள் ஏசி ரேஞ்சில் வைத்துவிட்டு அதுவே விடை என்று நம்பிவிடுகிறார்கள், பல மீட்டர்கள் அந்த ரேஞ்சில் டிசி பங்கைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். டிசி ரேஞ்சில் ஒரு தடவை, ஏசி ரேஞ்சில் ஒரு தடவை படித்து, இரண்டையும் வர்க்கமாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். உங்கள் பழைய கோடில் டிசி 4.2, ஏசி ஏறத்தாழ 3.95 வரும், சேர்த்தால் 5.77 வோல்ட், அதன் வர்க்கம் வகுத்தல் 0.5, மறுபடியும் அதே 66 வாட்.

ஸ்கோப்பும் இல்லை, நல்ல மீட்டரும் இல்லை என்றால் எனக்குப் பிடித்த வழி ஒன்று இருக்கிறது, தண்ணீர். தெர்மோகோல் கப்பில் 100 கிராம் டிஸ்டில்டு வாட்டர், அதில் 0.5 ஓம் கான்தால் காயில் முழுக்க மூழ்கும்படி, தடித்த வயரில். 10 செகண்ட் ஃபயர், 10 செகண்ட் ஓய்வு என்று ஆறு தடவை. உண்மையிலேயே 40 வாட் போனால் மொத்தம் 2400 ஜூல், தண்ணீர் 5.7 டிகிரி ஏறும். 66 வாட் போனால் 9.5 டிகிரி. சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டரே இந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும், கலக்கிவிட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். கப் கொஞ்சம் சூட்டை இழக்கும், ஆனால் பல்ஸ் வடிவம், மீட்டரின் குணம், ஏடிசியின் பிழை எதுவுமே இந்த அளவைத் தொடாது. காயில் தண்ணீருக்கு வெளியே தலைகாட்டினால் அந்த இடம் மட்டும் செக்கச் சிவந்து அறுந்துபோகும். 15, 25, 40 என்று மூன்று வாட்டிலும், செல் நிறைந்திருக்கும்போதும் பாதிக்குக் கீழே போனபிறகும் செய்து பாருங்கள். எல்லாவற்றிலும் கணக்கோடு 5 சதவீதத்துக்குள் நின்றால் வீட்டில் செய்த ஒன்றுக்கு அது பிரமாதம்.

எண்கள் சரியான பிறகு, கெட்டது நடந்தால் மாட் என்ன செய்கிறது என்று பாருங்கள். இதற்கும் செல் வேண்டாம், பெஞ்ச் சப்ளை. 510-இல் ஒரு தடித்த வயரால் ஷார்ட் வைத்துப் பட்டனை அழுத்துங்கள், ஃபயரே ஆகக் கூடாது. காயிலைக் கழற்றிவிட்டு அழுத்துங்கள். ஃபயர் ஆகிக்கொண்டிருக்கும்போதே காயிலைத் தளர்த்துங்கள். பட்டனை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், 10 செகண்டில் தானே நிற்க வேண்டும், விட்டு அழுத்தும் வரை திரும்ப ஆரம்பிக்கக் கூடாது. சப்ளையை மெதுவாக இறக்கி, லோடில் 6.4 வோல்ட் வரும்போது நிறுத்துகிறதா என்று பாருங்கள். மொத்த மின்னழுத்தத்தை மட்டும் பார்ப்பது போதாது, இரண்டு செல்லின் நடுப்புள்ளியிலிருந்தும் ஒரு வயர் ஏடிசிக்குப் போகட்டும். ஒன்று 3.7-இலும் மற்றொன்று 2.7-இலும் இருந்தாலும் கூட்டினால் 6.4-தான். கோடுக்குள் வேண்டுமென்றே ஒரு முடிவில்லாத லூப்பை வைத்து வாட்ச்டாக் காப்பாற்றுகிறதா என்றும் பாருங்கள்.

செல் தேர்வில் உறையில் அச்சிட்ட ஆம்பியரை நம்ப வேண்டாம். பெயர் தெரியாத உறையில் 30, 40 ஆம்பியர் என்று போட்டிருப்பது பெரும்பாலும் பல்ஸ் கணக்கு அல்லது கற்பனை. சாம்சங் 25ஆர், எல்ஜி எச்ஜி2 போன்றவை தொடர்ச்சியாக 20 ஆம்பியர் தருபவை, இரண்டையும் ஒன்றாக வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஜோடி பிரிக்காமல் வைத்திருங்கள். செல்லின் பாசிட்டிவ் மூடியைச் சுற்றியும் ஓரம் வரைக்கும் உடல் முழுக்க நெகட்டிவ்தான், உறையில் ஒரு கீறல் விழுந்தாலும் மாற்றிவிடுங்கள். பெட்டியில் செல் அறைக்கு வாய் திறந்த ஓட்டைகள் வேண்டும், செல் வாயு கக்கினால் அது வெளியேற வழி இல்லாத பெட்டி வெடிக்கும். 2018-இல் ஃபுளோரிடாவிலும் 2019-இல் டெக்சாஸிலும் மாட் வெடித்து ஆள் இறந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன, இரண்டிலும் சொல்லப்பட்டது பாதுகாப்புச் சர்க்யூட் எதுவும் இல்லாத மெக்கானிக்கல் வகை. மேலே சொன்ன சோதனைகளைத் தாண்டாத ரெகுலேட்டட் மாடுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது.

இழுக்கும் காற்று பெட்டிக்குள் புகுந்து வராமல் அடாமைசரிலிருந்தே வருகிறதா என்று பாருங்கள், ஃபிளக்ஸ் புகையும் சூடான பிவிசி வாடையும் நுரையீரலுக்குப் போக வேண்டாம். 510-ஐச் சால்டர் செய்த பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கழுவுங்கள். முதல் சில இழுப்புகள் நிக்கோடின் இல்லாத திரவத்தில் இருக்கட்டும். சில நாடுகளில் இவற்றைச் செய்வதே சட்டப்படி தடை, உங்கள் ஊர் நிலவரத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டெம்பரேச்சர் கன்ட்ரோலும் (கம்பியின் ஓம் ஏறுவதிலிருந்து அதன் சூட்டைக் கணித்துக் கட்டுப்படுத்துவது) சேர்க்கலாமா என்று கேள்வியின் கடைசியில் கேட்டிருந்தீர்கள். சேர்க்கலாம், ஆனால் இப்போது வேண்டாம். எஸ்எஸ்316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி 200 டிகிரி ஏறினால் ஓம் ஏறுவது 18 சதவீதம் அளவுதான், 0.5 ஓமில் அது 90 மில்லிஓம். 10 டிகிரியைப் பிரித்தறிய 4, 5 மில்லிஓம் துல்லியம் வேண்டும், அதுவும் காயில் எரிந்துகொண்டிருக்கும்போதே. காயிலைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் உங்கள் ஓம் அளவு ஒரே எண்ணைக் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள், மூன்றாவது தசம இடம் நிலையாக நின்றால் அந்த வேலையில் இறங்கலாம்.